ஈரிழைத் துண்டும் படகுக் காரும்

ஒரு பொம்பளை அறுபது வயசுல நகை வாங்கலாம், காசிக்குப் போகலாம், மூட்டு வலிக்கு மூணு ஆஸ்பத்திரி ஏறி இறங்கலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக. படகுக் கார் வாங்கப் போறேன்னு சொல்லிப் பாருங்க, வீட்டுல அத்தனை பேரும் உங்களுக்குக் கிறுக்குன்னுருவாக. எங்க வீட்டுலயும் அப்படித்தான். அண்ணன் காப்பி டம்ளரைக் கீழ வச்சிட்டு, "என்ன காரு?"ன்னாரு. "அமெரிக்காக் காரு. பழசு. முன்னாலயும் பின்னாலயும் நீளமா, படகு மாதிரி இருக்கும்ல, அது"ன்னேன். அவரு மதினி பக்கம் திரும்பி, "இவளுக்கு பி.பி. மாத்திரை குடுத்தியா?"ன்னு கேட்டாரு.

நான் கல்யாணம் ஆகாதவ. இதை முதல்லயே சொல்லிருறேன், இல்லைன்னா வாசிக்கிறவுக வீட்டுக்காரர் எங்கன்னு தேடிக்கிட்டே இருப்பாக. ராஜபாளையத்துல அண்ணன், மதினியோட ஒரே வீட்டுல இருக்கேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல முப்பத்தி நாலு வருஷம் டைப்பிஸ்ட். காலையில பஸ்ஸு, சாயங்காலம் பஸ்ஸு. அப்பா போன பொறவு அந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடுச்சு, தம்பி படிச்சான், இப்ப இருக்கிற மாடி வீடு எழும்புச்சு. பத்திரம் மட்டும் அண்ணன் பேர்ல. ஊருப்பட்ட சொத்து வழக்கை டைப் அடிச்ச எனக்கு அது அப்ப உறைக்கல.

கார் ஆசை எனக்கு ரோட்டுல வரல, டைப்ரைட்டர்ல வந்துச்சு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு நிலபுலத்தை எல்லாம் ஒரு மாதிரியாப் பிரிச்சிட்டு, ஒரே ஒரு காருக்கு வருஷக்கணக்கா மல்லுக்கு நின்னானுக. தீர்ப்போட கடைசியில சொத்துப் பட்டியல் வரும். வெண்கல அண்டா மூன்று, தேக்கு பீரோ ஒன்று. அதுக்குக் கீழ, அமெரிக்கத் தயாரிப்பு மோட்டார் கார், கறுப்பு நிறம், முன் இருக்கை ஒரே நீளமானது, ஒன்று. கார்பன் வச்சு அஞ்சு காப்பி அடிச்சேன். அப்பீலுக்குப் போய்த் திரும்பி வந்து இன்னொரு அஞ்சு. ஒரே நீளமான முன் இருக்கைன்னு அடிக்கிறப்ப எல்லாம், அதுல ஒரு ஓரமா நான் உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிற மாதிரியே இருக்கும். அந்தக் காரை நான் கண்ணால பார்த்ததில்ல. வழக்கு முடியுறதுக்குள்ள துரு தின்னுருச்சுன்னு வக்கீல் குமாஸ்தா சொன்னாரு. யாருக்கும் இல்லாம ஆக்கிட்டானுகளே பாவிகன்னு அன்னைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்ல.

ரிட்டயர் ஆனதும், வந்த பணத்துக்கு ஆளாளுக்கு ஒரு வழி சொன்னாக. பேங்குல போடு, கோயில்ல அன்னதானத்துக்கு எழுது, தம்பி மகனுக்கு ஃபீஸ் கட்டு. நான் வாழ்க்கையில வாங்குன அம்புட்டும் தேவைக்கு வாங்குனது. அரிசி, மிக்ஸி, மதினிக்குப் பிரசவ மருந்து, மாடிக்குக் கம்பி சிமெண்டு. ஆசைக்குன்னு ஒண்ணே ஒண்ணு, நானே பார்த்து, நானே விலை பேசி வாங்கணும். அதை வாங்காம சாகமாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். கார் ஓடணும்கிறது கூட எனக்கு ரெண்டாம்பட்சம். நானே வாங்கணும், அதான் முக்கியம்.

ஆனா காரைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. அம்பது வயசுல டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸ் வாங்கி பீரோவுக்குள்ள வச்சதோட சரி. யூடியூப்ல ஒரு பையன், பழைய கார் பார்க்கப் போறப்ப காந்தம் கொண்டு போங்கன்னான். தகரத்துல ஒட்டும், பட்டி பூசி மறைச்ச இடத்துல ஒட்டாதாம். ஃப்ரிட்ஜுல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மாம்பழத்தைப் பிடுங்கி பையில போட்டுக்கிட்டேன். அந்த மாம்பழத்தை நம்பித்தான் நான் கிளம்புனேன்.

தரகர் ஒருத்தர் கிடைச்சாரு. மாட்டுச் சந்தையில தரகு பார்த்தவரு. சந்தை நொடிச்ச பொறவு பழைய டிராக்டர், பழைய ஜீப்புன்னு மாறிட்டாரு. தோள்ல துண்டு இல்லாம அவரைப் பார்க்கவே முடியாது. முதல்ல ஆலங்குளம் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரிக்காரர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. புளிய மரத்தடியில வெள்ளையும் பச்சையுமா நின்னுச்சு கார். பார்த்ததும் எனக்கு வாய் நிக்கல. "ஆத்தாடி, எம்புட்டு அழகு!"ன்னுட்டேன். தரகர் தலையில அடிச்சுக்கிட்டாரு. "வாங்கப் போற மாட்டை அழகுன்னு சொல்லலாமா? இப்ப அவன் இறங்கி வருவானா?"ன்னு காதுல முணுமுணுத்தாரு. மாம்பழத்தை எடுத்துக் கதவுல வச்சேன். பொத்துன்னு கீழ விழுந்துச்சு. பின்பக்கம் வச்சேன், அங்கயும் விழுந்துச்சு. பொறவு ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் படிச்சேன். காரைத்தான் எனக்குப் படிக்கத் தெரியாது, காகிதத்தைப் படிக்கத் தெரியும். எரிபொருள் டீசல்னு இருந்துச்சு. பானெட்டைத் திறக்கச் சொன்னா, உள்ள நம்ம ஊரு வேன் இன்ஜின் உக்காந்திருக்கு. "மைலேஜ் கிடைக்கும்லம்மா"ன்னாரு தரகர். "மைலேஜுக்கு நான் பஸ்ஸுலயே போயிருவேனே"ன்னு திரும்பிட்டேன்.

ரெண்டாவது எங்க ஊர்லயே. மூடிப்போன ஒரு மில்லுக்குப் பின்னால இருக்கிற வீடு. அந்த வீட்டம்மா, "ரண்டம்மா, கூர்ச்சோண்டி"ன்னு தெலுங்குல கூப்பிட்டு உக்கார வச்சு மோர் குடுத்தாக. கறுப்புக் கார். மாம்பழம் ஒட்டுன இடத்துல ஒட்டிக்கிட்டே நின்னுச்சு. காகிதமும் சரியா இருந்துச்சு. விலை பேசுற நேரம் வந்ததும் தரகர் துண்டை உதறி இடது கையில போட்டாரு. சந்தையில மாட்டுக்கு அப்படித்தான் பேசுவாக, நான் பார்த்திருக்கேன். துண்டுக்கு அடியில கையை விட்டு விரலைப் பிடிச்சே விலை சொல்றது. இந்த வியாபாரத்துல ஒரு விரல்னா ஒரு லட்சம், அஞ்சையும் சேர்த்துப் பிடிச்சா அஞ்சு, நுனியை அழுத்துனா அரை. வாங்குற ஆள் தரகர் விரலைப் பிடிச்சுச் சொல்லுவாரு, தரகர் அதைப் போய் விக்கிற ஆள் விரலைப் பிடிச்சுச் சொல்லுவாரு. சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது.

நான் கையை நீட்டுனேன். அவரு வெடுக்குன்னு துண்டை இழுத்துக்கிட்டாரு.

"பொம்பளைப் பிள்ளை கையை நான் எப்படிம்மா பிடிக்கிறது? ஊரு என்ன பேசும்? ஒரு ஆம்பளையாளைக் கூட்டிட்டு வாங்க."

அறுபது வயசுல பொம்பளைப் பிள்ளை! "அப்ப வாயால சொல்லுங்களேன்"ன்னேன்.

"வாயால சொன்னா வியாபாரம் விளங்காதும்மா. பக்கத்து வீட்டுக்காரன் காதுல விழுந்து, அவன் கூட்டிக் கேப்பான். எங்கப்பா காலத்துல இருந்து துண்டுதான்."

சரி, அவரு தொழில் முறை அப்படின்னு நானும் விட்டுட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. வீட்டுக்கு வந்து அண்ணனைக் கேட்டேன். முகத்துல அடிக்கிற மாதிரி மறுப்பாருன்னு நினைச்சேன். "அதுக்கென்ன, வாரேன்"னுட்டாரு. மனசு இளகிட்டாருன்னு நான் சந்தோஷப்பட்டேன், மடச்சி. "அஞ்சு வரைக்கும் போகலாம்ணே"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மறுநாள் துண்டுக்குள்ள அண்ணன் கை போச்சு, தரகர் கை போச்சு. தரகர் அந்தப் பக்கம் போய் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சாரு. அவரு தரகரை ஒரு பார்வை பார்த்துட்டு, கையை உருவிக்கிட்டு உள்ள போயிட்டாரு. அண்ணன் என்கிட்ட வந்து, "படியலம்மா"ன்னாரு.

மூணாவது பிளவக்கல் அணைக்குப் போற வழியில, ஒரு தென்னந்தோப்பு வீட்டுல. அங்கயும் அதே மாதிரி. "படியலம்மா, அவிய ரொம்ப ஏத்தமா சொல்றாக." திரும்புற வழியில எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் குடுத்து, "விட்டுத் தள்ளு, நமக்கு எதுக்கு இந்த ஆனை வளக்குற வேலை"ன்னாரு. அந்த அன்பு எனக்கு அப்ப இனிச்சுது.

நாலாவதுதான் மாப்பிள்ளைக் கார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேர் ஓடுற வீதிக்குப் பின்பக்கம் ஒரு பந்தல்காரர் வீடு. ரெண்டு தலைமுறையா கல்யாணத்துக்குப் பந்தல், சீரியல் லைட்டு, கூடவே மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார். நானே எத்தனையோ கல்யாணத்துல இதுக்குப் பின்னால நடந்து போயிருக்கேன். மேல கூரை இல்லாத சிவப்புக் கார். மாப்பிள்ளை பின் சீட்டு மேல ஏறி உக்காந்திருப்பாரு, முன்னால பெட்ரோமாக்ஸ், நாயனம். இப்ப யாரு அதுல போறா? எல்லாப் பயலும் புதுக் கார் கேக்கான். அதனால விக்கிறதுக்கு வச்சிருந்தாரு. காந்தம் ஒட்டுச்சு. இன்ஜின் அமெரிக்காவுல வச்ச அதே இன்ஜின். கூரை இல்லாத மாடலுக்கு மவுசு ஜாஸ்தி, அதுக்குத் தனி விலைன்னு தரகர் என் காதுல ஓதுனாரு.

நான் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். அதுல சலூன்னு போட்டிருந்துச்சு. சலூன்னா கூரை வச்ச கார். இங்க கூரை எங்கன்னு கேட்டேன். பந்தல்காரர் தலையைச் சொரிஞ்சாரு. அவுக அப்பா காலத்துல ஒரு கல்யாணத்துல, மாப்பிள்ளை முகம் வெளிய தெரியலைன்னு பொண்ணு வீட்டுக்காரங்க நடு வீதியில சண்டைக்கு வந்துட்டாங்களாம். மறுநாளே ஆளைக் கூப்பிட்டு ரம்பத்தை வச்சுக் கூரையை அறுத்துட்டாராம்! அமெரிக்காக்காரன் கேட்டா ரத்தக் கண்ணீர் வடிப்பான். கூரை போனதும் பாடி தளர்ந்து கதவு எதையும் சாத்தவே முடியல. அதுக்காக ரெண்டு பக்கமும் வீட்டுக் கதவுக்குப் போடுற தாழ்ப்பாளை அடிச்சு வச்சிருந்தாரு. நான் அந்தத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். சிரிப்பா வந்துச்சு. உள்ள எட்டிப் பார்த்தேன். முன் இருக்கை இந்தக் கதவுல இருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரே நீளம். எனக்கு இதுதான் வேணும்னு தோணிருச்சு. அம்புட்டுதான், வேற காரணமெல்லாம் இல்ல.

பந்தல்காரர் வீட்டம்மா கேட்டாக, "மாப்பிள்ளை இல்லாம மாப்பிள்ளைக் கார் எதுக்குக்கா?"

"மாப்பிள்ளை இருந்தா அவருல்ல ஓட்டுவாரு. நான் எப்ப ஓட்டுறது?"ன்னேன். அவுகளுக்குச் சிரிப்பு அடங்கல.

அன்னைக்கும் அண்ணன் கூட இருந்தாரு. துண்டு விழுந்துச்சு, கை போச்சு. தரகர் விரலைப் பிடிச்சதும் பந்தல்காரர் முகம் கறுத்துப் போச்சு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டாரு. இதைத்தான் நான் மில் வீட்டுலயும் பார்த்தேன், தோப்பு வீட்டுலயும் பார்த்தேன். பஸ்ஸுல வர்றப்ப எனக்கு உள்ளுக்குள்ள என்னவோ அரிச்சுது. விலை படியாத ஆளு வருத்தமால்ல இருக்கணும்? இவுக மூணு பேரும் அவமானப்பட்டவுக மாதிரி போனாகளே, ஏன்?

மறுநாள் காலையில பென்ஷன் விஷயமா போறேன்னு வீட்டுல பொய் சொல்லிட்டு, நேரா பந்தல்காரர் வீட்டுக்குப் போனேன். அவரு என்னை உள்ள வான்னு கூப்பிடல.

"எதுக்கும்மா வந்தீக? நேத்து பண்ணுன கேவலம் போதாதா?"

"என்ன கேவலம் அண்ணாச்சி? நீங்க சொன்ன விலை எங்களுக்குக் கட்டல, அவ்வளவுதானே?"

"விலையா? உங்க அண்ணன் ஒத்தை விரலைப் பிடிச்சாரும்மா. ஒத்தை விரல்! நான் என்ன இரும்புக் கடைக்குப் போடுற தகரமா விக்கிறேன்? வாங்க இஷ்டமில்லைன்னா வராதீக. வீட்டுப் படியேறி வந்து அசிங்கப்படுத்தாதீக."

அஞ்சு வரைக்கும் போங்கன்னு சொல்லி அனுப்புனவ நான். அவரு ஒண்ணைக் காட்டியிருக்காரு. நேரா பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனேன், தரகர் அங்கதான் இருப்பாரு. "மில் வீட்டுல எங்க அண்ணன் எத்தனை விரல் பிடிச்சாரு?"ன்னு கேட்டேன். அவரு டீயை ஆத்திக்கிட்டே இருந்தாரு. "சொல்றீகளா, இல்ல இங்கனயே கத்தவா?"ன்னேன்.

"ஒண்ணு"ன்னாரு. "தோப்பு வீட்டுலயும் ஒண்ணுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"துண்டுக்குள்ள நடந்ததை வெளிய சொன்னா, பொறவு எவன்மா எனக்குக் கையை நீட்டுவான்? அது தொழில் தர்மம்."

"நல்ல தர்மம்யா! ஆளை நட்டாத்துல விடுற தர்மம். நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பந்தல்காரர் வீட்டுக்கு வாங்க. கை நான்தான் நீட்டுவேன்."

"நான் துண்டு போடமாட்டேன்மா. சொல்லிட்டேன்."

"உங்க துண்டு யாருக்கு வேணும்?"

அன்னைக்கே அண்ணனைக் கேட்டிருக்கலாம். கேக்கல. வெறுங்கையோட கேட்டா அழுதுருவேன்னு பயம். அழுதா அவரு தண்ணி குடுத்து, தலையைத் தடவி, விஷயத்தையே மறக்கடிச்சிருவாரு. வண்டியோட வந்துதான் கேக்கணும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு அவரு பக்கத்துல உக்காந்து சோறு தின்னேன்.

மறுநாள் கோயிலுக்குப் போற வீதியில ஒரு ஜவுளிக் கடையில புதுசா ஒரு ஈரிழைத் துண்டு வாங்குனேன். சிவப்புக் கரை. "சாருக்காம்மா?"ன்னு கடைக்காரர் கேட்டாரு. "எனக்குத்தான்"னு சொல்லி, அங்கயே மடிப்பை உதறி, சேலைக்கு மேல தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன். ரோடே பார்த்துச்சு. பார்க்கட்டும். முப்பத்தி நாலு வருஷமா அதே ரோட்டுல தலையைக் குனிஞ்சு பஸ் பிடிச்சவ நான், அன்னைக்கு நிமிர்ந்து போனேன்.

தரகர் வந்திருந்தாரு, வேடிக்கை பார்க்க. பந்தல்காரர் முன்னால போய் நின்னு, துண்டை எடுத்து என் இடது கை மேல விரிச்சேன். "அண்ணாச்சி, கையைக் குடுங்க"ன்னேன். அவரு தரகரைப் பார்த்தாரு, வீதியைப் பார்த்தாரு, கடைசியில வீட்டம்மாவைப் பார்த்தாரு. அந்தம்மா வாசல்ல நின்னபடியே, "பிடிங்க. கடிக்கவா போறாக?"ன்னாக.

அவரு கை துண்டுக்குள்ள வந்துச்சு. அவருக்கு வேர்த்திருந்துச்சு. அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடிச்சாரு, விட்டாரு, பொறவு ஒண்ணு. ஆறு கேக்காரு. நான் அவரு விரல்ல மூணை எண்ணிப் பிடிச்சேன். அவரு மாட்டேன்னு தலையாட்டுனாரு. நான் கையை வெளிய எடுத்து, ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து அவரு மூக்குக்கு நேரா காட்டுனேன். "இதுல கூரை இருக்கு. மேல இல்ல. காகிதத்துல இருக்கிற வண்டி வேற, நீங்க விக்கிற வண்டி வேற. இதைச் சரிபண்ண ஆபீஸ் ஆபீஸா நான்தானே அலையணும்? உங்க தாழ்ப்பாளுக்கும் சேர்த்தா நான் காசு குடுக்கணும்?" தரகர் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னாரு. மறுபடி துண்டுக்குள்ள கையை விட்டேன். அவரு அஞ்சு. நான் நாலு. பொறவு அவரு என் நாலு விரலைப் பிடிச்சு, அடுத்த விரல் நுனியை லேசா அழுத்துனாரு. நாலரை. நான் அந்தக் கையை இறுக்கிப் பிடிச்சு ஒரு குலுக்கு குலுக்குனேன். முடிஞ்சது.

தரகர் கூலியை நான் குறைக்கல. அவரு கையில வச்சேன், எல்லாரும் பார்க்க, துண்டு இல்லாம.

காகித வேலை முடிய ரெண்டு வாரம் ஆச்சு. பந்தல்காரர் மூணு நாள் காலையில தேர் வீதியில வச்சு ஓட்டப் பழக்குனாரு. அந்தக் காருக்கு கியர் தரையில இல்ல, ஸ்டியரிங்குக்குப் பக்கத்துலயே ஒரு கம்பி. முன்னால போறது பிடிபட்டுச்சு. ரிவர்ஸ் மட்டும் எனக்கு வசப்படல. "வீட்டுக்குப் போக ரிவர்ஸ் எதுக்கு?"ன்னு சொல்லிட்டு ஒரு நாள் மத்தியானம் சாவியை வாங்கிக் கிளம்பிட்டேன். வலது பக்கம் மலை, மேல மொட்டை வானம், ரெண்டு பக்கமும் தாழ்ப்பாள். பஸ்ஸுல ஜன்னலோரம் இருந்தவன் எல்லாம் எட்டிப் பார்த்தான். பைக்குல வந்த ரெண்டு பயலுக, "மாப்பிள்ளை எங்க ஆச்சி?"ன்னு கத்துனானுக. ஆரனை அமுக்குனேன், அது எருமை கத்துற மாதிரி கத்துச்சு, பயலுக ஒதுங்கிட்டானுக. சந்தோஷத்துல இன்னொரு தடவை அமுக்குனேன். நானே வாங்குனேன். நானே ஓட்டுறேன். இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன்.

வீட்டு வாசல்ல வந்து நிறுத்துனேன். கேட்டை அடைச்சுக் குறுக்கா நின்னுச்சு கார். அண்ணன் வெளிய வந்தாரு. பின்னால மதினி. அக்கம்பக்கம் எல்லாம் வாசல்ல.

"வண்டியை எடு"ன்னாரு. "இது என் வீட்டு வாசல். இந்தக் கூத்தை இங்க வச்சுக்காத."

நான் சீட்டை விட்டு இறங்கல. "ஒத்தை விரல் எதுக்குப் பிடிச்சீக?"ன்னேன்.

அவரு முகம் செத்துப் போச்சு. பொறவு சமாளிச்சாரு. "உன் நல்லதுக்குத்தான்மா. ஊரு சிரிக்கும். பக்குவமா நீயே விட்டுருவன்னு நினைச்சேன்."

உன் நல்லதுக்கு. அந்தச் சொல்லை அவரு சொன்ன விதம் எனக்கு நல்லாத் தெரிஞ்ச விதம். எனக்கு இருபத்தி ஏழு வயசுல வத்திராயிருப்புல இருந்து ஒரு இடம் வந்துச்சு. தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கு. வந்து பார்த்துட்டுப் போனாக. பேசி முடிக்க அண்ணன்தான் போனாரு. திரும்பி வந்து, "அவியளுக்குப் பிடிக்கலையாம்மா. பல்லு எடுப்பா இருக்குன்னு சொல்றாக. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், மனசுல வச்சுக்காத"ன்னாரு. அன்னையில இருந்து நான் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பேன். கோர்ட்டுல, பஸ்ஸுல, தம்பி கல்யாண போட்டோவுல, எல்லாத்துலயும் கை வாய்க்கு மேல இருக்கும்.

"வத்திராயிருப்புக்குப் போனீகளே, அங்க எத்தனை விரல் பிடிச்சீக?"ன்னு கேட்டேன்.

அவரு காரைப் பார்த்தாரு, தரையைப் பார்த்தாரு. மதினிதான் பேசுனாக. முப்பத்தஞ்சு வருஷமா அவரு பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதவுக. "சொல்லிருங்க. அவியளுக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு இப்பவாவது சொல்லிருங்க."

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாரு. "ஒரு பவுன் கூட வேண்டாம்னாக. பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன். நீயும் போயிட்டா வீடு எப்படிம்மா ஓடும்? தம்பி படிச்சுக்கிட்டிருந்தான்."

அழுகை வரும்னு நினைச்சேன். வரல. உடம்பு பூரா திகுதிகுன்னு எரிஞ்சுது. சம்பாதிக்க ஆளு வேணும், இருன்னு நேரா கேட்டிருந்தா கூட, இருந்தாலும் இருந்திருப்பேன். என் பல்லை ஏன் குறை சொன்னாரு? பொறவு சாவியை உருவி, தாழ்ப்பாளைத் திறந்து, இறங்குனேன்.

"என் சம்பளத்துல எழும்புன வீடுண்ணே இது. நான் எங்கயும் போகல. வண்டியும் எங்கயும் போகாது. இங்கதான் நிக்கும்."

அவரைத் தாண்டி உள்ள போனேன். மதினி எனக்கு முன்னால போய் அடுப்புல காப்பிக்குத் தண்ணி வச்சாக.

மறுநாள் காலையில அண்ணன் ஸ்கூட்டரை வெளிய எடுக்கப் பார்த்தாரு. காருக்கும் கேட்டுத் தூணுக்கும் நடுவுல ஒரு ஆள் ஒருக்களிச்சுப் போகலாம், ஸ்கூட்டர் போகாது. முன்னால உருட்டிப் பார்த்தாரு, பின்னால இழுத்துப் பார்த்தாரு, ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தாரு. நிமிர்ந்து மாடியைப் பார்த்தாரு. நான் கைப்பிடிச் சுவர்ல சாஞ்சு நின்னு அவரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நகர்த்திக் குடுன்னு அவரு கேக்கல. நானும் நகர்த்தல. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுட்டு, வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு, காரை உரசி வெளிய போய், பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாரு.